சம்மதம் சொன்ன தாய்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதப் பிற்பகலில் பெர்லின் நகரின் உன்டர் டென் லிண்டன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தூறல் வலுத்தது. ஒதுங்க இடம் தேடியபோது, தூண்கள் தாங்கிய முகப்புடன் ஒரு சிறிய கட்டடம் கண்ணில் பட்டது. உள்ளே நுழைந்த பிறகுதான் அது ஒதுங்குவதற்கு ஏற்ற இடம் அல்ல என்று புரிந்தது. கூரையின் நடுவே வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியே மழை நேராக இறங்கி, கீழே அமர்ந்திருந்த வெண்கலத் தாய் ஒருத்தியின் முக்காட்டின் மீதும், அவள் மடியில் சரிந்து கிடந்த மகனின் மீதும் விழுந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் வேறு எதுவும் இல்லை. போரினாலும் கொடுங்கோன்மையாலும் மாண்டவர்களுக்கு உரியது அவ்விடம் என்று தரையில் பொறித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். எனக்கும் கண் கலங்கியது.

அந்தக் கண்ணீரின் மீது எனக்கு இன்று அவ்வளவு மதிப்பு இல்லை. அந்தச் சிலையை வடித்தவரின் வாழ்க்கையைப் பிறகு படித்தபோது, நான் மிக எளிதாக அழுதுவிட்டேன் என்று தோன்றியது. அவர் தமக்கு அவ்வளவு எளிதாக அழுகையை அனுமதித்துக்கொண்டவர் அல்லர்.

கேத்தே கொல்விட்ஸ் 1867ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவுக்கு உரியது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் யூலியுஸ் ருப், அரசுத் திருச்சபையோடு முரண்பட்டுத் தனிச்சபை கண்ட மதகுரு. தந்தை சட்டம் படித்துவிட்டு, தம் அரசியல் கொள்கைகளுக்கு அத்தொழில் ஒத்துவராது என்று கட்டட வேலையில் இறங்கியவர். கடமையும் தியாகமும் உயர்ந்த சொற்களாக ஒலித்த வீடு அது. பெண்ணுக்கு ஓவியம் கற்பிப்பது அரிதாக இருந்த காலத்தில் மகளைப் பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் அனுப்பிக் கற்பித்தவர் அந்தத் தந்தை.

1891இல் மருத்துவர் கார்ல் கொல்விட்ஸை மணந்து, வடக்கு பெர்லினின் உழைப்பாளர் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் அதே வீடு. கணவரிடம் மருத்துவம் பார்க்க வந்த தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் இவரிடம் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிலேசிய நெசவாளர்களின் எழுச்சியை வைத்து அவர் படைத்த அச்சோவியத் தொடர் 1898இல் பெர்லின் கண்காட்சியில் இடம்பெற்றது. நடுவர் குழு தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். பதக்கம் கிடைக்காததே அவரை நாடறியச் செய்தது. 16ஆம் நூற்றாண்டின் உழவர் போரைப் பற்றிய அடுத்த தொடர் 1908இல் நிறைவடைந்தபோது, ஜெர்மனியின் முதன்மையான அச்சோவியக் கலைஞர்களில் ஒருவராகிவிட்டிருந்தார்.

அந்த ஆண்டுகளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 1903இல், இறந்த குழந்தையை மார்போடு இறுக அணைத்திருக்கும் ஒரு தாயை அவர் வரைந்துகொண்டிருந்தார். மாதிரிக்கு வேறு ஆள் இல்லை. ஏழு வயது இளைய மகன் பீட்டரை மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தம்மையே வரைந்தார். அசையாமல் அதே நிலையில் இருந்த வலி தாங்காமல் முனகியபோது, மடியில் பிணமாகக் கிடந்த சிறுவன் படம் மிக அழகாக வரும் என்று சொல்லி அம்மாவைத் தேற்றினான்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பீட்டருக்கு வயது 18. நண்பர்களுடன் நார்வேயில் மலைநடை போயிருந்தவன் அவசரமாக ஊர் திரும்பினான். அவனுடைய வயதினரை இன்னும் படைக்கு அழைக்கவில்லை. ஆனால் தன்னார்வலராகச் சேரலாம். 21 வயது நிரம்பாதவர்களுக்குத் தந்தையின் ஒப்புதல் வேண்டும். கார்ல் மறுத்தார். தேவை என்றால் நாடே அழைக்கும், அழைக்காதபோது போக வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அன்றாடம் நோயாளிகளைப் பார்த்தவருக்கு உடம்பு என்பது எத்தனை எளிதில் உடையக்கூடியது என்று தெரியும். மகன் தாயைப் பார்த்தான். தாய் எழுந்து மகனோடு நின்று, கணவரிடம் அவனுக்காகக் கெஞ்சினார். கார்ல் இறுதியில் இசைந்தார்.

கேத்தே போர்வெறி கொண்டவர் அல்லர். உழைப்பாளர் பக்கம் நின்ற சமதர்மச் சார்பாளர். ஆனால் அந்த ஆகஸ்டில் சமூக ஜனநாயகக் கட்சியே நாடாளுமன்றத்தில் போர்ச் செலவுக்கு வாக்களித்தது. பேராசிரியர்களும் கவிஞர்களும் போதகர்களும் ஒரே குரலில் பேசினார்கள். இளைஞர்களின் கண்களில் இருந்தது கொலைவெறி அல்ல, தூய்மையானதொரு அர்ப்பணிப்பு என்று அந்தத் தாய் நம்பினார். தியாகம் என்ற சொல்லை மதித்து வளர்ந்தவருக்கு, மகன் அதே சொல்லோடு வந்து நின்றபோது மறுக்க முடியவில்லை.

ஒரே மகனை வேலைக் கையில் கொடுத்துப் போர்க்களம் அனுப்பிய தாயைப் பள்ளியில் புறநானூற்றுப் பாடமாக நாமும் படித்திருக்கிறோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்தப் பெண்ணின் துணிவை ஆசிரியர் விளக்கியபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாட்டு அவள் மகனை அனுப்பும் கணத்தோடு முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அவள் எப்படி இருந்தாள் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேத்தே கொல்விட்ஸின் வாழ்க்கை அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு முக்கியமாகிறது.

அக்டோபர் நடுவில் பீட்டர் படைமுனைக்குப் புறப்பட்டான். 22ஆம் தேதி இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்மூடே அருகே கொல்லப்பட்டான். களத்தில் அவன் கழித்தவை ஓரிரு வாரங்கள்கூட இல்லை. மாத இறுதியில் செய்தி வீடு வந்து சேர்ந்தது. மூத்த மகன் ஹான்ஸும் போரில் இருந்தார். அவர் உயிரோடு திரும்பினார்.

(அதே அக்டோபர் இறுதியில், அதே பிளாண்டர்ஸ் மண்ணில், ஈப்ரே முனையில் பிரிட்டனுக்காக லாகூர் டிவிஷனின் இந்தியச் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டார்கள். கப்பலில் மார்செய் வந்திறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள் என்பதை இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.)

பிளாண்டர்ஸில் மாண்ட அந்த இளைஞர்களை ஜெர்மனி எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பது தனிக்கதை. 1914 நவம்பர் 11 அன்று ராணுவத் தலைமை ஓர் அறிக்கை வெளியிட்டது. லாங்கமார்க் என்ற ஊருக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் நாட்டுப் பாடலைப் பாடிக்கொண்டே முன்னேறி எதிரியின் முதல் அரணைப் பிடித்தன என்றது அந்த அறிக்கை. நாளிதழ்கள் முதல் பக்கத்தில் வெளியிட்டன. உண்மையில் போதிய பயிற்சியோ பீரங்கித் துணையோ இல்லாமல் இயந்திரத் துப்பாக்கிகளின் முன் அனுப்பப்பட்டு, புல் அறுபடுவதுபோல் அறுபட்டவர்கள் அவர்கள். அவர்கள் அனைவரும் மாணவர்களும் அல்லர். பெரும்பாலோர் வேறு தொழில் செய்தவர்கள். ஆனாலும் பாடிக்கொண்டே மடிந்த மாணவர்கள் என்ற சித்திரம் நிலைத்துவிட்டது. ஒரு ராணுவத் தோல்வி இப்படித்தான் ஒரு தேசிய வேள்வியாக மாறியது. ஆண்டுதோறும் லாங்கமார்க் நாள் கொண்டாடப்பட்டது. நாஜிகள் அதைப் பிற்பாடு தங்கள் இளைஞர் வழிபாடாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1936 ஒலிம்பிக் மைதானத்தில் லாங்கமார்க் பெயரில் ஒரு மண்டபம் எழுந்தது. 1940இல் பெல்ஜியத்தை வென்ற கையோடு ஹிட்லர் நேரில் போய் நின்ற இடங்களில் லாங்கமார்க் கல்லறைத் தோட்டமும் ஒன்று.

பீட்டரும் இந்தப் பெருங்கதைக்குள் எளிதாக அடங்கிவிட்டிருக்கக் கூடியவன்தான். வயது, தன்னார்வம், இடம், மாதம் எல்லாம் பொருந்தின. தொடக்கத்தில் அவன் தாயும் அந்தக் கதைக்குள்தான் இருந்தார். மகன் இறந்த ஆறு வாரங்களுக்குள் ஒரு நினைவுச்சின்னத்தைத் திட்டமிட்டார். நீட்டிப் படுத்த நிலையில் மகனின் உடல், தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பெர்லினின் ஹாஃபல் ஆற்றைப் பார்த்த ஓர் உயரத்தில், எல்லா இளம் தன்னார்வலர்களின் தியாகத்துக்கும் பொதுவாக அதை நிறுவ வேண்டும் என்று எண்ணினார்.

வேலை ஓடவில்லை. பீட்டரின் அறையை அவன் விட்டுப்போனபடியே வைத்திருந்தார், அங்கே பூக்கள் வைப்பார், தனியே உட்கார்ந்திருப்பார். சிலை மட்டும் கைக்கு வசப்படவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் விளையாட்டுப் பிணமாக மடியில் கிடந்தவனை இப்போது உண்மையான பிணமாக வடிக்க வேண்டியிருந்தது என்று இதை விளக்கிவிடலாம். ஆனால் அவருடைய நாட்குறிப்புகள் வேறொரு தடையைக் காட்டுகின்றன. 1916 வாக்கில் இந்தப் போரில் பைத்தியக்காரத்தனத்தைத் தவிர வேறெதையும் அவரால் காண முடியவில்லை. ஐரோப்பாவின் இளைஞர்கள் எல்லா நாடுகளிலும் ஏமாற்றப்பட்டார்களோ என்ற ஐயம் அவரைத் தின்றது. ஆனால் அப்படி எண்ணுவதே மகனுக்குச் செய்யும் துரோகமாகுமோ என்று அஞ்சினார். அவன் நம்பிக்கையோடு போனான். அந்த நம்பிக்கை வீண் என்று தாய் சொன்னால், அவனை இரண்டாம் முறை கொன்றதாகாதா?

போரில் பிள்ளைகளை இழந்த சமூகங்கள் அந்தப் போரை வீண் என்று ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாம் பொதுவாகப் பழியை அரசுகளின் பிரசாரத்தின் மீது போட்டுவிடுகிறோம். பிரசாரம் உண்டுதான். ஆனால் அது வேரூன்றும் மண் இந்த வீட்டறைகளில் இருக்கிறது. இழப்புக்குப் பொருள் இருந்தாக வேண்டும் என்று ஏங்குகிறவர்கள், பொருள் தருவதாகச் சொல்பவரின் பின்னால் போகிறார்கள். அதிலும் அனுப்பிவைத்தவர்களுக்கு அந்த ஏக்கம் இரு மடங்கு. போர் வீண் என்றால் மகனின் சாவு வீண். அதோடு தாங்கள் கொடுத்த சம்மதம் குற்றம்.

கேத்தே கொல்விட்ஸ் அந்தக் குற்றத்தை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. 1918 அக்டோபரில் ஜெர்மனி தோற்பது உறுதியாகிவிட்ட நிலையில், புகழ்பெற்ற கவிஞர் ரிச்சர்ட் தேமல், இறுதிப் போருக்குத் தன்னார்வலர்கள் திரண்டு வர வேண்டும் என்று நாளிதழில் வேண்டுகோள் விடுத்தார். அவர் வெறும் வாய்ச்சொல் வீரர் அல்லர். ஐம்பது வயதில் தாமே படையில் சேர்ந்தவர். அவருக்குக் கேத்தே சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபோர்வேர்ட்ஸ் இதழில் வெளிப்படையாகப் பதில் எழுதினார். போதும் என்பதே அதன் சாரம். நாட்டின் பூக்கும் பருவத்தினர் ஏற்கெனவே அழிந்துவிட்டார்கள். எஞ்சியவர்களையும் இழப்பது ஒரு போரில் தோற்பதைவிடப் பெரிய இழப்பு என்று வாதிட்டார். விதைக்கென வைத்த தானியத்தை அரைத்துவிடக் கூடாது என்ற பொருளில் கெதே சொன்னதை நினைவூட்டினார். பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்காத உழவர்களைக் கண்ட நமக்கு அதற்கு உரை தேவையில்லை. இரண்டு வாரங்களில் போர் நின்றது. ஜெர்மனி மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீரர்களை இழந்திருந்தது.

1919இல் பிரஷ்யக் கலைக்கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் அவரே. அதே ஆண்டில் அவர் மகனின் நினைவுச்சின்ன வேலையைக் கலைத்துப் போட்டார். என்றாவது மீண்டும் வருவேன் என்று நாட்குறிப்பில் உறுதி சொல்லிவிட்டே கைவிட்டார்.

இடைப்பட்ட காலத்தில் வந்தது 'போர்' என்ற மரச்செதுக்கு ஓவியத் தொடர். 1922-23இல் நிறைவடைந்த ஏழு படங்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஓட்டோ டிக்ஸ், களத்தில் நேரில் கண்டவற்றை ஐம்பது படங்களாக வெளியிட்டார். பதுங்குகுழி, அழுகும் உடல், நச்சுப்புகை முகமூடி எல்லாம் அதில் உண்டு. கேத்தேயின் ஏழு படங்களில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. தாய், விதவை, பெற்றோர், பிள்ளைகளைச் சுற்றி மதில்போல் நெருங்கி நிற்கும் பெண்கள் ஆகியோரே இருக்கிறார்கள். போர் நடந்த இடம் வீடு என்பது அவர் தீர்ப்பு. முதல் படத்தில் ஆடையற்ற ஒரு தாய், கண்களை மூடிக்கொண்டு, கைக்குழந்தையை இரு கைகளாலும் முன்னே நீட்டுகிறாள். யாருக்கு நீட்டுகிறாள் என்று படம் காட்டவில்லை. யாரும் அவளிடமிருந்து அதைப் பறிக்கவும் இல்லை. இரண்டாவது படத்தில் சாவு முரசறைந்து முன்செல்ல, இளைஞர்கள் மயங்கியவர்களாகப் பின்தொடர்கிறார்கள். சாவுக்கு மிக அருகில் இருப்பவன் பீட்டர். 1924இல் இளைஞர் மாநாடு ஒன்றுக்காக அவர் வரைந்த போர் எதிர்ப்புச் சுவரொட்டி உலகெங்கும் இன்றும் ஊர்வலங்களில் தூக்கப்படுகிறது. எனக்கு அந்தச் சுவரொட்டியைவிட, கண்ணை மூடிக் குழந்தையை நீட்டும் தாயே முக்கியமானவள். உயர்த்திய கை பிறரைக் குற்றம் சாட்டும். நீட்டிய கை தன்னையே காட்டிக்கொடுக்கிறது.

அந்தப் படத்துக்கு எதிர்பாராத மறுவாழ்வு ஒன்றும் கிடைத்தது. 1931இல் ஷாங்காயில் இளம் எழுத்தாளர் ரௌ ஷி கொல்லப்பட்டபோது, வெளிப்படையாக அஞ்சலி எழுத வழியில்லாத லூ சுன், இந்த மரச்செதுக்கை ஓர் இதழில் வெளியிட்டுத் தம் துக்கத்தைச் சொன்னார்.

1924 முதல் கேத்தே மீண்டும் சிலைக்குத் திரும்பினார். 1926இல் கணவரோடு பெல்ஜியம் சென்று, ரோகவெல்டேயில் மகன் புதைந்திருந்த கல்லறைத் தோட்டத்தை முதன்முறையாகக் கண்டார். வரிசை வரிசையாகச் சிறு சிலுவைகள். அதன் பின் சின்னத்தின் வடிவம் அடியோடு மாறியது. பெர்லினின் உயரமான மேடு போயிற்று. தன்னார்வலர் பெருமை போயிற்று. இறுதியாக, மகனின் உருவமே போயிற்று. எஞ்சியவர்கள் இருவர். மண்டியிட்ட தந்தை, மண்டியிட்ட தாய்.

நம் ஊர் நடுகற்களில் வீழ்ந்த வீரன் நிற்பான்; கையில் வில்லோ வாளோ இருக்கும். உலகெங்கும் போர்ச் சின்னங்களின் இலக்கணம் ஏறக்குறைய அதுதான். கல் இறந்தவனுக்கு உரியது, உயிரோடிருப்பவன் அதன் முன் வணங்குவான். கேத்தே அதைத் தலைகீழாக்கினார். இறந்தவர்கள் மண்ணில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே கல்லாக இருப்பவர்கள் உயிரோடு மிஞ்சியவர்கள். தந்தை நிமிர்ந்த முதுகோடு, கைகளால் தம்மையே கட்டிக்கொண்டு, வாய் இறுகி முன்னே பார்க்கிறார். தாய் முக்காட்டுக்குள் குனிந்து சுருங்கியிருக்கிறார். இருவரும் தனித்தனிப் பீடத்தில். இடையே ஒரு வெளி. ஒரே மரணத்துக்காகத் துக்கப்படுகிற இருவர், ஒருவரையொருவர் தொடவில்லை. தந்தையின் முகம் கார்லின் சாயல். தாயின் முகம் கேத்தேயுடையது. பெற்ற பிள்ளைகளின் முன்னால் ஒரு தலைமுறை மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறது என்றே பலரும் அதைப் படித்திருக்கிறார்கள். எனக்கும் வேறு பொருள் படவில்லை.

கருங்கல்லில் செதுக்கப்பட்ட சிலைகள் 1932இல் பெர்லினின் தேசியக் காட்சிக்கூடத்தில் சில நாள்கள் வைக்கப்பட்டபின் பெல்ஜியம் சென்றன. ஜூலை மாதம் ரோகவெல்டேயில் அவை நிறுவப்பட்டன. மகன் இறந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள். அதே ஜூலையில், சில மைல் தொலைவில், லாங்கமார்க் கல்லறைத் தோட்டம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஒரே களம், ஒரே சாவு. ஓரிடத்தில் பாடிக்கொண்டு மடிந்தவர்களின் புகழ், மற்றோரிடத்தில் மண்டியிட்ட இருவர். அடுத்த ஆண்டு ஜெர்மனி எதைத் தேர்ந்தெடுத்தது என்பதை உலகம் அறியும்.

நாஜிகளுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்ற வேண்டுகோளில் கையெழுத்திட்டதற்காக, 1933 பிப்ரவரியில் அவரும் எழுத்தாளர் ஹைன்ரிஷ் மன்னும் கலைக்கழகத்திலிருந்து விலகும்படி செய்யப்பட்டார்கள். பிறகு அவர் படைப்புகள் கண்காட்சிகளிலிருந்து அகற்றப்பட்டன. 1936இல் சோவியத் நாளிதழ் ஒன்றில் வந்த பேட்டிக்காகக் கெஸ்டபோ வீட்டுக்கு வந்து விசாரித்து, வதைமுகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியது. அப்படி ஒரு நிலை வந்தால் உயிரை மாய்த்துக்கொள்வது என்று கணவனும் மனைவியும் முடிவு செய்துவைத்திருந்தார்கள். அந்த இருண்ட ஆண்டுகளில், 1937 அக்டோபர் 22 அன்று, பீட்டரின் நினைவு நாளில், ஒரு முழ உயரம்கூட இல்லாத சிறு சிலை ஒன்றைப் பற்றி நாட்குறிப்பில் எழுதினார். மடியிடையே மகனைக் கிடத்திய முதிய தாய். விற்பனைக்கோ சதுக்கத்துக்கோ செய்ததல்ல. வீட்டுக்குள், தமக்காகச் செய்தது.

1940இல் கார்ல் இறந்தார். 1942 செப்டம்பரில் ஹான்ஸின் மூத்த மகன் ரஷ்யாவின் ர்ஷெவ் போர்முனையில் கொல்லப்பட்டான். இறந்த சிற்றப்பனின் நினைவாக அவனுக்கும் பீட்டர் என்றே பெயரிட்டிருந்தார்கள். அதே காலத்தில் அவர் தம் கடைசிக் கல்லச்சு ஓவியத்தை முடித்திருந்தார். மேலங்கியை விரித்து, துறுதுறுவென்று வெளியே ஓடத் துடிக்கும் சிறுவர்களை உள்ளே அமுக்கிப் பிடித்திருக்கும் ஒரு முதியவள். 1918இல் எழுதிய அதே விதைத் தானிய வாசகமே தலைப்பு. இந்த முறை அந்தக் கைகள் எதையும் நீட்டவில்லை.

1943இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி பெர்லினை விட்டு நோர்ட்ஹவுசனுக்குப் போனார். அந்த நவம்பரில் அரை நூற்றாண்டு வாழ்ந்த வீடு எரிந்து, ஏராளமான படைப்புகளும் கடிதங்களும் சாம்பலாயின. பிறகு டிரெஸ்டன் அருகே மோரிட்ஸ்பர்க்கில், சாக்சனி அரச குடும்பத்தார் ஒருவர் அளித்த இடத்தில் தங்கினார். 1945 ஏப்ரல் 22 அன்று காலமானார். இன்னும் 16 நாள் இருந்திருந்தால் போர் முடிந்ததைக் கண்டிருப்பார்.

இனி அந்தப் பெர்லின் மண்டபத்துக்கு வருகிறேன். நோயே வாகே என்னும் அக்கட்டடம் பிரஷ்ய மன்னரின் காவற்கூடமாக 1818இல் எழுந்தது. 1931இல் முதல் உலகப் போரில் மாண்டவர்களின் சின்னமாயிற்று. நாஜிகள் அதைத் தங்கள் வீரவணக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். கிழக்கு ஜெர்மனி அதைப் பாசிசத்துக்கும் ராணுவவாதத்துக்கும் பலியானோர் நினைவிடம் என்று அறிவித்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், 1993இல், பிரதமர் ஹெல்முட் கோல் அதை ஒன்றுபட்ட நாட்டின் மைய நினைவிடமாக்கினார். கேத்தேயின் அந்தச் சிறு சிலையை ஏறத்தாழ நான்கு மடங்கு பெருக்கி, வேறொரு சிற்பியைக் கொண்டு வார்த்து நடுவில் வைக்கச் செய்தார். கோலின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர். அவருடைய உணர்வை நான் ஐயப்படவில்லை.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இறந்த மகனை மடியில் ஏந்திய தாய் கிறிஸ்தவ மரபின் உருவம். கொல்லப்பட்ட யூதர்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். அந்தப் போரில் தாமே சிப்பாயாக இருந்த வரலாற்றறிஞர் ரைன்ஹார்ட் கோசெலெக், தாய் உயிரோடிருந்து மகனுக்காக அழும் சிற்பத்தில், கொல்லப்பட்ட லட்சக்கணக்கான பெண்களுக்கு இடம் எங்கே என்று வாதிட்டார். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே பொதுச்சொல்லுக்குள் அடைக்கப்படுவதைப் பலர் கண்டித்தார்கள். சமரசமாக, எந்தெந்த மக்கள் கொல்லப்பட்டார்கள் என்று பட்டியலிடும் பலகை ஒன்று வாசலில் சேர்க்கப்பட்டது. நான் மழைக்கு ஒதுங்கிய அன்று அதைப் படிக்கவில்லை. நேரே உள்ளே போய் அழுதேன்.

இந்த வாதங்களோடு எனக்கு உடன்பாடே. ஆனால் என் மனக்குறை இன்னும் சற்று வேறு. ஓர் அரசு, கேத்தே கொல்விட்ஸின் வாழ்நாள் படைப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, தாய் மகனை அணைத்திருப்பதைத் தேர்ந்தது. அந்தத் தாயிடம் கேட்க நமக்குக் கேள்வி இல்லை. அவள் இழந்தவள், அவ்வளவுதான். மண்டியிட்ட பெற்றோரை நாட்டின் நடுவில் வைத்திருந்தால், அவர்கள் ஏன் மண்டியிடுகிறார்கள் என்று ஒரு குழந்தையாவது கேட்டிருக்கும். அதற்குப் பதில் சொல்ல 1914 ஆகஸ்டின் அந்த மாலையை விவரிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் செய்த சிறு சிலையில் அவர் தமக்காக ஒதுக்கிக்கொண்ட அமைதியை அரசு நான்கு மடங்காக்கியது. அவர் நாட்டுக்குச் சொல்ல விரும்பியதோ பெல்ஜியத்து வயல்களுக்கிடையே இருக்கிறது.

சிலைகளின் பிரதி ஒன்று ஜெர்மனியிலும் உண்டு. கொலோன் நகரில் குண்டுவீச்சில் கூரை இழந்த புனித ஆல்பன் தேவாலயத்தை மீண்டும் கட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் வெறுந்தரையில், சிற்பி எவால்ட் மத்தாரேயின் மாணவர்கள் 1950களில் செதுக்கிய பெற்றோர் இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். சுவருக்கு அப்பால் நகரின் விழா மண்டபம். இசைக்கச்சேரிக்கு வருகிறவர்கள் கண்ணாடி வழியே அவர்களைப் பார்க்கலாம்.

மூலச் சிலைகள் 1956இல் ரோகவெல்டேயிலிருந்து அருகிலுள்ள விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டன. சிதறிக் கிடந்த ஜெர்மன் கல்லறைகளை ஒன்றுசேர்த்த இடம் அது. 25,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். தரையில் பதித்த தட்டைக் கற்களில் பெயர்கள் மட்டும். பெற்றோருக்கு நேர் எதிரே உள்ள ஒரு கல்லில், வேறு பல பெயர்களுக்கு நடுவில் பீட்டரின் பெயரும் இருக்கிறது.

1932இல் சிலைகளை நிறுவிவிட்டு ஊர் திரும்பும் முன், கணவனும் மனைவியும் கடைசியாக ஒருமுறை கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அதைக் கேத்தே குறித்து வைத்திருக்கிறார். கல்லில் இருந்த பெண்ணின் முன் நின்றார். அது தம் முகம் என்று கண்டார். அழுதபடி அதன் கன்னங்களைத் தடவிக்கொடுத்தார். கார்ல் தமக்குப் பின்னால் வந்து நிற்பதை அவர் கவனிக்கவில்லை. ஒப்புதல் தர முதலில் மறுத்தவர், மெல்லிய குரலில் ஆமாம், ஆமாம் என்று சொல்வது மட்டும் காதில் விழுந்தது.